முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியா, பறவையா?

கேள்வி:
பள்ளிப் பாடத்தில் முதலை, பல்லி, பாம்பு, ஆமை ஆகியவற்றை ஊர்வன வகுப்பிலும் பறவைகளைத் தனி வகுப்பிலும் வைத்துப் படித்தேன். அண்மையில் வாசித்த ஒரு கட்டுரையோ, முதலைக்குப் பல்லியைவிடப் பறவையே நெருங்கிய உறவு என்கிறது. செதில், சூழலுக்கேற்ப மாறும் உடல் வெப்பம் என முதலை பல்லியையே ஒத்திருக்க, இந்த உறவை எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்?

மறுமொழி 1:
நீங்கள் குறிப்பிடும் ஒற்றுமைகள் உண்மையானவை. ஆனால் மிகப் பழையவை. செதிலும் மாறும் உடல் வெப்பமும் இவை அனைத்துக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்தவை. பாட்டனின் மூக்கு இரு பேரர்களுக்கு வாய்த்து, மூன்றாமவருக்கு வாய்க்காமல் போகலாம்; அவர்களில் யார் யாருக்கு உடன்பிறந்தவர் என்பதை அந்த மூக்கைக் கொண்டு அறிய முடியாது. ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியதும் இதையே: ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி, அதன் வழித்தோன்றல்கள் பகிர்ந்துகொள்ளும் பண்புகளே உறவுக்குச் சான்றாகும்.

முதலை, பறவை ஆகியவற்றின் தொல்முன்னோர்களின் மண்டையோட்டில், கண்குழிக்கும் நாசித் துளைக்கும் இடையே ஒரு தனித் திறப்பு இருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. இன்றைய முதலைகளில் அது மூடிவிட்டதால், உயிருள்ள விலங்குகளை மட்டும் ஒப்பிடுவோருக்கு இச்சான்று கிடைப்பதில்லை. இவ்விரு கிளைகளும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பல்லி, பாம்புகளின் கிளை அதற்கும் முன்னரே பிரிந்துவிட்டது.

மறுமொழி 2:
முதலைக்கும் பறவைக்கும் உள்ள, நான்கு அறைகள் கொண்ட இதயத்தையும் சிலர் சான்றாகக் கூறுவர். அது பாலூட்டிகளிடமும் தனியாகத் தோன்றியிருப்பதால், அதை மட்டும் நம்புவது சரியன்று. டி.என்.ஏ. ஒப்பீடுகளும் தனியாகவே இதே முடிவைத் தருவதுதான் எனக்கு நிறைவளிக்கிறது. அமெரிக்க அலிகேட்டர் முதலை, உவர்நீர் முதலை, கங்கை முதலை ஆகியவற்றின் மரபணுத் தொகுதிகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, முதலைகளின் டி.என்.ஏ. பறவைகளுடையதைவிட மிக மெதுவாக மாறி வந்திருப்பதைக் காட்டியது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஊர்வன என்ற வகுப்பையே கைவிட வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டியதில்லை. ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் ஒரே குழுவில் வைப்பதே இன்றைய நெறி என்பதால், பறவைகளையும் ஊர்வனவற்றுள் சேர்த்துக்கொண்டால் அந்த வகுப்பு நிலைக்கும். மீன் என்ற பெயரில்தான் சிக்கல் பெரிது. நுரையீரல் மீனுக்குச் சால்மன் மீனைவிட நாமே நெருங்கிய உறவினர்.