பின்சக்கர ஹப்பின் கப்பில் குழிகள்: மாற்ற வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். என் 7 கியர் சைக்கிளின் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியதால், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைப் பிரித்துப் பார்த்தேன். கிரீஸ் மண்ணோடு கலந்து கருத்திருந்தது, வலப்பக்கக் கோனில் (அச்சில் திருகும் கூம்பு வடிவ நட்டில்) பால்ரஸ் குண்டுகள் ஓடும் தடமெங்கும் சிறு குழிகள் விழுந்திருந்தன, 10 மில்லிமீட்டர் அச்சும் சற்று வளைந்திருந்தது. பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலைத் திருகிப் பொருத்தும் இவ்வகை ஹப்பில் வலப்பக்கப் பால்ரஸ் வெகுவாக உள்ளே தள்ளி அமைவதால், தாங்கலின்றி நீளும் அச்சு அங்கேதான் வளைகிறது. கோனையும் அச்சையும், பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலப் பால்ரஸ்களையும் மாற்றிவிடுவேன். என் கவலையெல்லாம் ஹப்புக்குள் இறுக்கிப் பதித்த, பால்ரஸ்கள் அமர்ந்து ஓடும் கிண்ணமான கப்பைப் பற்றியதே. நகத்தால் வருடினால் இரண்டு இடங்களில் தட்டுகிறது. கப்பை மட்டும் மாற்றியவர்களும், புதிய ஹப் வாங்கி 36 போக்ஸ் கம்பிகளையும் மீண்டும் கோத்தவர்களும், எது நீடித்து உழைத்தது என்று தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.