வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால் கிடக்கும் பெரிய கற்கள் எப்படி வருகின்றன?

மரைன் டிரைவ் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி. பல்கனியில் நின்றால் முதலில் மரைன் டிரைவ் வீதி, பிறகு இரட்டைத் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல் அடுக்கு, பிறகு கடல். போன கிழமை நள்ளிரவு தாண்டி ஒரு இன்ஜின் மெல்ல ஊர்ந்து வந்து எங்கள் ஒழுங்கைக்கு நேரே நின்றது. பின்னால் திறந்த பெட்டிகள். ஒரு பெட்டியின் மேல் பெக்கோ (கல் தூக்கும் இயந்திரம்) ஏறி நின்றது. விளக்குப் போட்டு விடியப்போகும் நேரம்வரை கல் இறக்கினார்கள். ஒவ்வொரு கல்லும் அமரும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கல் இருந்த பெட்டிகள் பாதிதான் நிரம்பியிருந்தன. இவ்வளவு தூரம் வருகிறவர்கள் ஏன் பாதிச் சுமையோடு வருகிறார்கள்? பக்கத்திலேயே வீதி இருக்க லொறியில் கொண்டுவந்தால் என்ன? அதோடு என் மகன் கேட்கிறான், சின்னக் கற்களை நிறையப் போட்டால் போதாதா என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுதன், பம்பலப்பிட்டி:

லொறி மரைன் டிரைவ் வரைக்கும் வரும். ஆனால் கல் போக வேண்டியது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அல்லவா? இரண்டு பாதைகளுக்கு மேலால் அவ்வளவு பாரத்தை எட்டி வைக்கப் பெரிய கிரேன் வேண்டும். கோச்சி (ரெயில்) என்றால் கடல் பக்கப் பாதையிலேயே நிற்கலாம். மற்றதை ரெயில்வேயில் இருந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

பழைய பாதைக்காரன்:

தங்கச்சி, நான் 31 வருடம் பாதைப் பராமரிப்பில் இருந்தவன். அதில் பெரும்பகுதி கரையோரப் பாதையில்தான். தம்பி சுதன் சொன்னது சரி. நீங்கள் பார்த்த பெட்டிகள் உண்மையில் நிரம்பித்தான் இருந்தன.

கருங்கல் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 2.7 தொன். கற்களைப் பெட்டியில் போடும்போது இடையில் காற்று நிற்கிறது. அதனால் ஒரு கன மீற்றர் இடத்தில் 1.6 அல்லது 1.7 தொன்தான் அடங்கும். 30 தொன் தாங்கும் பெட்டி என்று வையுங்கள். 18 கன மீற்றரிலேயே பாரம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றினால் அச்சு தாங்காது, பாலம் தாங்காது. கண்ணுக்குப் பாதி காலி. சில்லுக்கு முழுச் சுமை.

கல் ஏற்றுவதே தனி வேலை. முதலில் தளத்தில் சின்னக் கல்லை மெத்தை மாதிரிப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கல்லின் ஒரு கூர் முனை தகட்டைக் குத்திக் கிழித்துவிடும். மேலிருந்து போடக் கூடாது, இறக்கி வைக்க வேண்டும். மிகப் பெரியவை சில்லுத் தொகுதிகளுக்கு நேர் மேலே. இடது வலது பாரம் ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை ஒரு குவாரியில் அவசரப்பட்டு ஒரு பக்கமாக ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வளைவில் பெட்டி சாய்வதை கார்ட் கண்டு கொடி காட்டியதால் தப்பினோம். இறங்கிப் பார்த்தேன், ஒரு பக்கத்துச் சுருள்வில் முழுதாக அமுங்கிக் கிடந்தது, மறுபக்கத்தில் விரல் நுழைய இடமிருந்தது. அன்றிலிருந்து ஏற்றும்போது நானே போய்ப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினேன்.

குவாரியில் கல்லைத் தெரிவுசெய்வதும் அப்படித்தான். சல்லிக்கு வெடி வைப்பது வேறு, பெரிய கல்லுக்கு வெடி வைப்பது வேறு. பெரிய கல் வேண்டுமென்றால் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மருந்தைக் குறைத்து வைப்பார்கள். அப்படியும் வெடித்து விழுவதில் சிறு பகுதிதான் கடலுக்கு உதவும். எங்களோடு ஒரு பழைய கல்லுடைப்பவர் இருந்தார். சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். 'கணீர்' என்றால் எடு. 'பொத்' என்றால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, விடு. வெளியே பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது. அவர் விட்ட கல்லை நாங்கள் ஏற்றியதே இல்லை. பலகை மாதிரி நீண்டு மெலிந்த கல்லும் வேண்டாம். அது நடுவில் முறியும், அலை புரட்டிவிடும்.

இனி மகனின் கேள்வி. நல்ல கேள்வி. பொறியியலாளர்கள் பாவிக்கும் ஹட்சன் சூத்திரம் என்று ஒன்று உண்டு. அதன்படி அலையின் உயரம் இரட்டித்தால் கல்லின் நிறை இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு ஆக வேண்டும். ஒன்றுக்கு இரண்டு சரிவில் (ஒரு மீற்றர் உயர இரண்டு மீற்றர் நீளும் சரிவு) 2 மீற்றர் அலைக்கு 1.3 தொன் கல் போதும் என்றால், 3 மீற்றர் அலைக்கு 4.4 தொன் வேண்டும். சின்னக் கற்களை எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அலை ஒவ்வொன்றாகத்தான் தூக்கும். ஒன்றைத் தூக்கக்கூடிய அலைக்கு ஆயிரத்தையும் தூக்கலாம். வைகாசி, ஆனியில் (ஊரில் சோளகம் என்போமே, அந்தக் காலத்தில்) உங்கள் பல்கனியில் நின்று பாருங்கள், விளங்கும்.

சின்னக் கல்லுக்கும் அங்கே வேலை இருக்கிறது. மணல் மேல் வடிதுணி (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி), அதன் மேல் சின்னக் கல், பிறகு நடுத்தரம், வெளியில்தான் பெரியது. வெளிக்கல்லின் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு கீழ் அடுக்குக்குச் சரி. இந்த ஒழுங்கு பிழைத்தால் கல் இடுக்கால் மணல் உறிஞ்சப்பட்டு, பாதைக்குக் கீழே பொந்து விழும். மேலே பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். சிலிப்பர்க்கட்டையின் கீழ் மண் இருக்காது. நான் மிகவும் பயந்தது அதற்குத்தான்.

மரைன் டிரைவ் வாசி:

மிக்க நன்றி அண்ணன். மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கொழும்பில் இப்படிக் கல்லைக் கோச்சியில் கொண்டுவருவது எப்போது தொடங்கியது?

பழைய பாதைக்காரன்:

மிகப் பழைய வேலை. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்தார். பொறியியலாளர் சேர் ஜோன் கூட் வரைந்த திட்டம், 1885இல் முடிந்தது. கீழே கருங்கல் மேடு, மேலே கொங்கிரீட் பாளங்கள். அந்தக் கல் கொழும்புக்கு அருகே மஹரையில் கைதிகள் உடைத்து, ரெயிலில் துறைமுகத்துக்கு வந்தது. மஹர சிறைச்சாலை அங்கே வந்ததே அந்தக் கல்லுக்காகத்தான். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் வியாபாரம் செய்த எங்கள் ஆட்களின் மூட்டைகள் பத்திரமாக இறங்கியதற்குப் பின்னால் அந்தக் கைதிகளின் கை இருக்கிறது. அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனக்கு அது எப்போதும் மனதை உறுத்தும்.

கரையோரப் பாதை 1879இல் களுத்துறைக்கும், 1894இல் காலிக்கும், 1895இல் மாத்தறைக்கும் போனது. கடலுக்கு இவ்வளவு நெருக்கமாகப் பாதை போட்டபிறகு கல் போடும் வேலைக்கு முடிவேது?

மொறட்டுவைக் கரை:

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கல் போட்ட இடத்தில் பாதை தப்புகிறது, கல் முடியும் இடத்தில் கரை அரிக்கிறது. என் மாமா தோணி இழுத்த மணல் இப்போது இல்லை. களனி கங்கையில் மணல் அள்ளியதால் கடலுக்கு வர வேண்டிய மணலும் குறைந்தது. 2020இல் கல்கிசையில் கடலடி மணலை இறைத்துக் கொட்டினார்கள். அதில் எவ்வளவு நின்றது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழைய பாதைக்காரன்:

உண்மை தம்பி. கல் காப்பது அதன் பின்னால் இருப்பதைத்தான், கடற்கரையை அல்ல. பாதையைக் காப்பாற்ற வேறு வழி இல்லாத இடத்தில் மட்டும் போட வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். உங்கள் மாமாவின் மணலுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மரைன் டிரைவ் வாசி:

அண்ணன், இன்று காலை மகனோடு கவனித்தேன். புதிதாக வைத்த இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, அடிவரிசைக் கல் இரண்டு கடல் பக்கம் உருண்டு கிடக்கின்றன. மேலே உள்ளவை அப்படியே நிற்கின்றன. பயப்பட வேண்டுமா?

பழைய பாதைக்காரன்:

அடிவரிசைதான் முக்கியம் தங்கச்சி. அது மணலுக்குள் புதைந்திருக்க வேண்டும். அலை அடி மணலைத் தோண்டினால் முதலில் போவது அதுதான், பிறகு மேலே உள்ளவை ஒவ்வொன்றாகச் சரியும். மேல் வரிசை நிற்கிறதே என்று விடாதீர்கள். இன்றைக்கே வெள்ளவத்தை ஸ்டேசன் மாஸ்டரிடம் சொல்லுங்கள். எந்த ஒழுங்கைக்கு நேரே என்பதோடு, பக்கத்தில் உள்ள தூரக்கல்லின் இலக்கத்தையும் பார்த்து எழுதிக் கொடுங்கள். பாதைக்காரர்கள் இலக்கத்தை வைத்துத்தான் இடம் பிடிப்பார்கள். மகனைக் கற்களின் மேல் ஏறவிட வேண்டாம். வீதிப் பக்கத்தில் நின்றே இலக்கத்தை வாசிக்கலாம்.