வேப்பமரத்துத் தூரைத் தோண்டி எடுக்க வேண்டும், வழி சொல்லுங்கள்

ஒத்தக்கடை வாசி:

வணக்கம். எங்கள் வீடு ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்த வாசல். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் அப்பா வைத்த வேப்பமரம் ஒன்று நின்றது. இந்த வருடம் அழகர் மலைக்குத் திரும்பிப் போன அடுத்த வாரம், ஒரு சாயங்காலம் அடித்த கோடைக்காற்றில் பாதி மரம் பிளந்து மதில் மேல் விழுந்துவிட்டது. மீதியும் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றதால் மனசில்லாமல் வெட்டினோம். மெஷின் ரம்பம் கொண்டுவந்தவர்கள் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு அறுத்தார்கள். அதற்குக் கீழே அறுத்தால் மண் பட்டு செயின் போய்விடும், தூருக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி வாக்கர் வைத்து நடக்கிறார். வாசலில் இரண்டு படி. அதை எடுத்துவிட்டுக் கேட் வரைக்கும் சரிவாக ஒரு சிமெண்ட் பாதை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தூர் அந்தப் பாதைக்கு நட்டநடுவில் நிற்கிறது. குறுக்கே அளந்தால் இரண்டேகால் அடி. வீட்டுச் சுவர் ஐந்தடி தள்ளி இருக்கிறது. மதில் ஓரமாகக் குடிதண்ணீர்க் குழாய் போகிறது, எவ்வளவு ஆழத்தில் என்று தெரியாது. வெட்டிய ஒரே மாதத்தில் சுற்றிலும் தளிர் விட்டுவிட்டது. ஒடிக்க ஒடிக்க வருகிறது.

எங்கள் சந்து ஏழடிதான், ஜேசிபி நுழையாது. ஒருவர் கல்லுப்பு என்கிறார், ஒருவர் பெருங்காயம் என்கிறார், டீசல் ஊற்றிக் கொளுத்து என்று இன்னொருவர். கையால் தோண்டி எடுக்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாகமலை செல்வி:

எங்கள் வீட்டு மாமரத்துத் தூரை நாங்கள் தோண்டவே இல்லை, மக்க வைத்தோம். டிரில்லிங் மெஷினில் தடித்த பிட் போட்டு, மேல் முகத்தில் நாலு விரலுக்கு ஒரு துளை, ஒரு சாண் ஆழம். துளை முழுக்க யூரியா போட்டுத் தண்ணீர் ஊற்றி, மேலே சாணிக் கரைசலும் ஈரச்சாக்கும் போட்டு மண்ணால் மூடிவிட்டேன். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே. முதல் மழைக்காலத்தில் காளான் பூத்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது கடப்பாரையால் குத்தினால் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. சாக்கைத் தூக்கும்போது கவனம், எனக்கு அடியில் தேள் இருந்தது.

ஆனால் மாங்கட்டை மென்மையானது, வேம்பு அப்படியில்லை. மேலும் உங்களுக்குப் பாதை சீக்கிரம் வேண்டும். பாதைக்கு அடியில் மக்குகிற கட்டையை விட்டுவைத்தால் கரையான் வரும். ஐந்தடியில் சுவர் என்றால் அது வீட்டு நிலைக்கதவு வரை போய்விடும். உங்கள் நிலைமைக்குத் தோண்டுவதுதான் சரி.

சோழவந்தான் கோடாலி:

தம்பி, எங்களுக்கு அப்பா காலத்திலிருந்து மரவேலைதான். நான் இறங்கியே முப்பது வருடம் ஆகப்போகிறது. தூர் எடுப்பது மரத்தைச் சாய்ப்பதை விட அதிகப் பாடு. ஆனால் இரண்டேகால் அடித் தூரைக் கையால் எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம்.

எனக்கு ஒரே வருத்தம், குட்டையாக அறுத்துவிட்டார்களே என்பதுதான். தூரோடு எடுக்கப்போகிற மரத்தை நெஞ்சு உயரம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். வேரைச் சுற்றி அறுத்துவிட்டு, உச்சியில் வடம் போட்டு நாலு பேர் இழுத்தால் அந்த உயரமே நெம்பித் தள்ளிவிடும். இதைப் படிக்கிற மற்றவர்கள், மரம் வெட்ட ஆள் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

உப்புப் போடாதீர்கள். ஒரு மூட்டை போட்டாலும் வேம்பு சாகிறதோ இல்லையோ, அந்த மண் செத்துப்போகும். பக்கத்தில் கறிவேப்பிலை, வாழை இருந்தால் அவைதான் முதலில் கருகும். பெருங்காயம் நானும் கேள்விப்பட்டதுதான். அதனால் பட்டுப்போன மரம் ஒன்றையும் இதுவரை பார்த்ததில்லை. களைக்கொல்லி தடவுவதென்றால் அறுத்த கையோடு, வெட்டுவாய் பச்சையாக இருக்கும்போதே தடவியிருக்க வேண்டும். இப்போது காய்ந்துபோய் உள்ளே இழுக்காது. கொளுத்தவே கூடாது. பச்சைத்தூர் மேலே கருகி நின்றுவிடும். காய்ந்த தூர் என்றால் நெருப்பு வேரைப் பிடித்து மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டு போகும். இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் புகை கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து ஓட முடியாத அம்மா இருக்கிற வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

ஐப்பசி வரை பொறுங்கள். உங்கள் பக்கம் மேலே செம்மண், கீழே கெட்டியான சுக்கான் கல். கோடையில் கடப்பாரை போட்டால் தோள் வரை அதிரும். இரண்டு நல்ல மழை விழுந்து, ஒரு நாள் வெயில் காய்ந்ததும் ஆரம்பியுங்கள். சேறாக இருக்கும்போது குழிக்குள் இறங்கக் கூடாது.

தூரிலிருந்து இரண்டடி தள்ளி வட்டம் போட்டு மம்பட்டியால் மண்ணை வெளியே எடுங்கள். குழாய்ப் பக்கம் கடப்பாரையே தொடாதீர்கள். சேறு பூசிய பிளாஸ்டிக் குழாயும் வேரும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். முதல் ஒன்றரை அடிக்குள் பக்கவேர்கள் வந்துவிடும், சில வேர் தொடை மொத்தம் இருக்கும். இங்கேதான் ஆட்கள் அவசரப்படுவார்கள். மண் ஒட்டியிருக்கிற வேரில் கோடாலி போட்டால் பத்து வெட்டில் வாய் மழுங்கிவிடும். நாங்கள் குழிக்குள் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்திருப்போம். வேரின் அடிப்பக்கத்து மண்ணையும் தோண்டிவிட்டு, நாரால் தேய்த்துக் கழுவி, பட்டை பழுப்பாகத் தெரிந்த பிறகுதான் வெட்டு. சிராய் உதட்டில் தெறித்தால் கசக்கும், அப்போது வேப்பவேர்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

ஒரு வேரை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். தூரை ஒட்டி ஒன்று, ஒரு முழம் தள்ளி ஒன்று. நடுத்துண்டை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். ஒரே வெட்டோடு விட்டால் இரண்டு முனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு தூரை எவ்வளவு நெம்பினாலும் அசையாது. இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க வீணடித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

சுவர்ப் பக்கம் மட்டும் அஸ்திவார மட்டத்துக்குக் கீழே இறங்காதீர்கள். அந்தப் பக்கத்து வேரை வெட்டிவிட்டு முனையை மண்ணிலேயே விட்டுவிடலாம். வேம்பு வேரிலிருந்தும் கன்று விடும், தலை தூக்கும்போதே பிடுங்கிப் போட்டால் சில மாதத்தில் ஓய்ந்துவிடும்.

பக்கவேர் எல்லாம் போனதும் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆடுகிற பல் மாதிரி தூர் லேசாக அசையும். அப்படியானால் ஆணிவேர் மட்டும்தான் பாக்கி. கேட் பக்கமாக ஒரு சரிவு வெட்டி, அடியில் கை போகிற அளவுக்கு மண்ணை எடுத்து, கைரம்பத்தால் அறுங்கள். வெளியே உருட்டப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். துண்டு போட்டு எடுக்க நினைத்தால் ஆப்பை நடுவில் அடிக்காதீர்கள். வேம்புக்கு நார் பின்னி ஓடும், நேராகப் பிளக்காது. ஓரத்திலிருந்து சீவிச் சீவி வர வேண்டும்.

பழகிய ஆள் இரண்டு பேர் என்றால் மூன்று நாள். புளியந்தூராக இருந்தால் கறிக்கடைக்காரரே வந்து பேசி எடுத்துப் போவார், வெட்டுகிற கட்டைக்கு அதுதான் வாகு. வேம்பு விறகுக்குத்தான் போகும்.

ஒத்தக்கடை வாசி:

ரொம்ப நன்றி அண்ணே. இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. ஐப்பசி வரை தளிரை ஒடித்துக்கொண்டே இருக்கலாமா, விட்டுவிடலாமா?

சோழவந்தான் கோடாலி:

ஒடித்துக்கொண்டே இருங்கள் தம்பி. இலை விட்டால் அது வேருக்குச் சோறு போடும்.

மேலூர் கொத்தனார்:

தூரை எடுப்பதைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். எனக்குக் குழியை மூடுவதில்தான் கவலை. நிறையப் பேர் சிராய், வேர்த்துண்டு, இலை எல்லாவற்றையும் மண்ணோடு சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது மக்கி, ஒரு வருடத்தில் மேலே போட்ட கான்கிரீட் நடுவில் தொங்கிக் கீறல் விடும். வேரையெல்லாம் பொறுக்கி வெளியே போடுங்கள். தூர் இருந்த இடத்துக்கு மண் பற்றாது, கிராவல் வாங்க வேண்டியிருக்கும். அரை அடி மண், தண்ணீர், திமிசுக் கட்டையால் இடி. மறுபடி அரை அடி. அவசரப்பட்டு ஒரே நாளில் கொட்டி மூடாதீர்கள். மூடிய பிறகும் ஒரு நல்ல மழை அதன் மேல் பெய்யட்டும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, மேலே நிரப்பிவிட்டுத்தான் கான்கிரீட்.

சரிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது சார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் வாக்கர் வைத்திருப்பவர்கள் இறங்கும்போது தடுமாறுவார்கள். மேலே வழவழப்பாகப் பூச விடாதீர்கள். காய்வதற்கு முன்பு தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள், மழையில் வழுக்காது. ஒரு பக்கமாவது கைப்பிடி வையுங்கள்.

ஒத்தக்கடை வாசி:

எல்லோருக்கும் வணக்கம். தூர் வந்துவிட்டது. கேட்டவன் முடிவையும் சொல்ல வேண்டும் இல்லையா, அதற்காக எழுதுகிறேன்.

கார்த்திகை முதல் வாரம் ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை வேப்பமரத்தில் கை வைக்க வேண்டாம் என்று அம்மா சொன்னதால் சனிக்கிழமை. வேலை தொடங்குமுன் தூருக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டார். பிறகு திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் மூன்று நாளும் அங்கிருந்து நகரவில்லை. இரண்டு ஆள், கூட நான். குழாய் ஒன்றேகால் அடியில் இருந்தது. மணிக்கட்டு மொத்த வேர் ஒன்று அதை ஒரு சுற்று சுற்றியிருந்தது. அந்த வேரைக் கோடாலி தொடாமல் சிறிய ரம்பத்தால் நானே அறுத்து எடுத்தேன், அரை மணி நேரம் பிடித்தது. நாரால் கழுவி வெட்டச் சொன்ன யோசனையை ஆட்கள் முதலில் கேட்கவில்லை. மதியம் கோடாலியைச் சாணை பிடிக்கப் போய் வந்த பிறகு அவர்களே வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு ஆணிவேர் அறுந்தது. சுக்கானைத் தொட்ட இடத்தில் வேர் கீழே போகாமல் முழங்கை மாதிரி மடங்கி, கிழக்கே ஓடியிருந்தது. தூரைப் புரட்டியபோது அடிப்பக்கத்தில் முழுச் செங்கல் ஒன்று வேருக்குள் பதிந்திருந்தது. கன்று வைத்த அன்று ஆடு கடிக்காமல் இருக்க அப்பா சுற்றி வைத்த செங்கலில் ஒன்று என்று அம்மா பார்த்ததும் சொன்னார். இரண்டு பக்கமும் வேர் இறுக்கிப் பிடித்திருந்தது, உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஒரு மூலைகூட உடையவில்லை. அதைக் கழுவித் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

குழியை மேலூர்க்காரர் சொன்னபடி அரை அடி அரை அடியாக மூடினோம். அடுத்து வந்த மழையில் நாலு விரல் இறங்கியது, மறுபடி நிரப்பியாகிவிட்டது. சுவர் ஓரத்தில் இரண்டு கன்று தலை தூக்கியது, பிடுங்கிவிட்டேன்.

வாசல் உயரம் ஒன்றேகால் அடி. கணக்குப்படி பதினைந்து அடி வேண்டும், கேட் வரை இருப்பது பதின்மூன்றுதான். அதனால் பாதையைக் கேட்டுக்கு நேராக விடாமல் மதில் பக்கம் ஒரு வளைவு கொடுத்துத் திருப்புகிறோம். தை பிறந்ததும் கான்கிரீட்.