மாடு கட்டிய இடத்தில் கட்டில் போட்ட கதை

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற கொட்டிலை அறையாக்கி வாடகைக்கு விடலாமா என்று போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார். விடலாம், நாங்கள் விட்டிருக்கிறோம். ஆனால் 6 லட்சத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை 14 லட்சத்தில் போய் நின்றது. அதில் பாதிக்கு மேல் வருகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் புதைந்து கிடக்கிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைக்குப் பக்கத்தில். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்க்கிறவராக, இருந்து ஓய்வு பெற்ற காசில் வாங்கிய 22 பேர்ச்சஸ் (சுமார் 6,000 சதுர அடி) சரிவுக் காணி. வாங்கும்போதே பின்பக்கம் மேட்டை ஒட்டி ஒரு மாட்டுப்பட்டி இருந்தது. 18 அடிக்கு 11 அடி, கருங்கல் சுவர், தகரக் கூரை. கடைசி மாட்டை விற்ற பிறகு விறகும் தம்பியின் கெரம் போர்டும் ஓட்டை வாளிகளும்தான் அதில் குடியிருந்தன. அங்கே நின்று பார்த்தால், வானம் வெளுத்த காலையில் தெற்கே தாழ்நிலம் வரை தெரியும். மத்தியானம் ஆனால் பனி ஏறி, பத்தடி தள்ளி நிற்கிற கொய்யா மரமே காணாமல் போய்விடும். எல்லவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் ஒரு பகுதி இங்கே இறங்கி, விடியும் முன்னே லிப்டன் சீட் காட்சி முனைக்கு ஏறுகிறார்கள், அவர்களுக்கு ஒரு அறை போதுமே என்று யோசனை சொன்னது என் மனைவி.

2022இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் ஒரு வருடம் தள்ளிப் போட்டோம். பிறகு தொடங்கியபோது நான் முதலில் வாங்கியது டைல். இதுதான் பெரிய பிழை. மேசன் பாஸ் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், பின்னால் போய் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து, "தம்பி, பின்னாடி கான் வெட்டாம உள்ளே டைல் பதிச்சா தண்ணிக்குத்தான் டைல் பதிக்கிறீங்க" என்றார். கான் என்றால் தண்ணீர் வடிகிற வாய்க்கால். காசுக்காக வேலையை நீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, பதியுங்கள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் டைல் இடுக்கு ஒவ்வொன்றிலும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. துணி போட்டுத் துடைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே முத்து. பாஸ் ஒன்றும் சொல்லவில்லை, அவர் சொல்லாமல் இருந்ததுதான் இன்னும் சங்கடம்.

விஷயம் என்னவென்றால், மேட்டிலிருந்து வருடக்கணக்காக மண் சரிந்து பின்சுவரில் இடுப்பளவு ஏறியிருந்தது. வெளியே மண் உயரம், உள்ளே தரை பள்ளம், மழைத் தண்ணீருக்கு வேறு வழி இல்லை. நான் அடுத்து யோசித்தது மேட்டையே இன்னும் 6 அடி வெட்டி, பின்னால் ஒரு குளியலறையும் எடுக்கலாம் என்று. அம்மா விடவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணுக்குள் போனது எங்களுக்குக் கூப்பிடு தூரத்துச் செய்தி. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் மேட்டில் மண்வெட்டி வைக்கிறவன் இரண்டு தரம் யோசிப்பான். எப்படியும் பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் கட்டட வேலைக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும், அதற்கு எழுதிப் போட்டோம். வந்து பார்த்தவர் மேட்டில் கை வைக்கக் கூடாது, சரிந்து விழுந்த மண்ணை மட்டும் அள்ளலாம், அதையும் ஒரே நாளில் நீளத்துக்கும் தோண்டாமல் துண்டு துண்டாகச் செய்யுங்கள் என்றார். குளியலறை முன்பக்கம் வந்தது அதனால்தான்.

கான் வெட்டியது பக்கத்து வீட்டு மாமா. தோட்டத்தில் 30 வருடம் கான் வெட்டிய கை. 4 அடி வெட்டி, துளை போட்ட பீ.வீ.சீ. குழாயை வைத்து, சுற்றிக் கருங்கல் நிரப்பி, பிறகுதான் அடுத்த 4 அடி. 100 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும் என்று நான் போனில் பார்த்ததைச் சொன்னேன். மட்டப்பலகையைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஓடிவந்து ஒரு இடத்தில் தயங்கி நின்றது. அந்த இடத்தைக் குனிந்து ஒரு சுரண்டு சுரண்டினார். மறுபடி ஒரு வாளி. "தண்ணியே சொல்லும் மகன், நமக்கு எதுக்குக் கணக்கு." மட்டப்பலகை வைத்துப் பிறகு நான் ரகசியமாகப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

தரை காய்ந்தது. சுவர் காயவில்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாடு கட்டிய கட்டடம் என்றால் மூத்திரம் பல வருடமாகச் சுவருக்குள் இறங்கி உப்பாகி இருக்கும். பெயிண்ட் அடித்த மூன்றாம் மாதம், முழங்கால் உயரத்தில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உப்பி, விரலால் தொட்டால் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று. வெடியுப்பு. இந்த உப்பு பனிக்காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும், மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. கழுவினால் போகும் என்று நினைத்து நான் தண்ணீர் அடித்தேன், உப்பு கரைந்து இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் 4 அடி உயரத்துக்குச் சீமெந்துப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். பழைய கல் சுவருக்குச் சீமெந்து ஆகாது, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், சுண்ணாம்பு என்றால் மூச்சு விடும். அந்தச் சுவருக்கு முன்பக்கமாக 2 அங்குல இடைவெளி விட்டு பைனஸ் பலகை அடித்து, மேலும் கீழும் காற்றுப் போக வழி வைத்தோம். அறையில் வருகிறவர்கள் படம் எடுப்பதெல்லாம் அந்தப் பலகையைத்தான். அது அழகுக்கு வைத்ததில்லை என்று யாரிடமும் சொல்வதில்லை.

தகரக் கூரையையும் சும்மா விடாதீர்கள். இரவுக் குளிரில் உள்பக்கம் வியர்த்து, விடியற்காலை நாலு மணிக்குப் படுத்திருப்பவர் நெற்றியில் சொட்டும், அவர் ஓட்டை என்று நினைப்பார். தகரத்துக்கு அடியில் ஃபொயில், அதற்குக் கீழே காற்றோட்டம், பிறகு சீலிங். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் நீங்களாக அறுக்கவோ துளை போடவோ காய்ந்தபடி உரசவோ வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் போனதுதான்.

கழிவறைக் குழிக்குப் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கீழே இருக்கிறவர்களின் ஊற்றிலிருந்து தூரம் அளந்து பார்த்தார், நாங்கள் நினைத்த இடம் சரிவரவில்லை, இடம் மாற்றினோம். இங்கே எல்லாத் தண்ணீரும் யாரோ ஒருவருடைய குடிநீர்ப் பீலிக்குத்தான் போகிறது.

அப்புறம் கரண்ட். குளியலறையில் சுடச்சுடத் தண்ணீர் வேண்டும், சூரிய ஒளி ஹீட்டரை நம்பி எங்கள் ஊர்ப் பனியில் இருக்க முடியாது. 4.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் போட்டோம். அது ஒன்றே கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். அறை ஹீட்டருக்கு 9, கேத்தலுக்கு 9. எங்கள் வீட்டு இணைப்பே 30. முதல் விருந்தினர் தலையில் ஷாம்பு போட்ட நேரம் பார்த்து அம்மா கேத்தலைப் போட, மொத்த வீடும் இருண்டது. பாவம், அந்தப் பிள்ளை பச்சைத் தண்ணீரில் குளித்து முடித்து வெளியே வரும்போது பல் தந்தியடித்தது. இப்போது அறைக்கு ஹீட்டர் இல்லை, இரண்டு கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும்தான்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாமானை வைத்ததும் ஐயா மேலே பார்த்து, "தம்பி, ஃபேன் எங்க?" என்றார். இரவு பத்து மணிக்கு வந்து இன்னொரு கம்பளி கேட்டார்.

---

நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். மேலே அண்ணன் ஹீட்டர் இல்லை என்று சொன்னதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுடையது உருளைக்கிழங்கு ஸ்டோராக இருந்த கட்டடம், இப்போது இரண்டு அறை. போன ஜனவரியில் புல்லில் உறைபனி விழுந்த கிழமை நாலு பையன்கள் வந்தார்கள், முற்றத்தில் கரி போட்டு கோழி சுட்டார்கள், நாங்களும் படுத்துவிட்டோம். பதினொரு மணிக்கு நாய் குரைக்கிறதே என்று எழும்பிப் பார்த்தால் முற்றத்தில் அடுப்பைக் காணவில்லை. கதவைத் தட்டினேன், "என்ன அங்கிள்" என்று ஒருவன் குழறிக் குழறிப் பேசினான். குளிருக்குக் கரி அடுப்பை அப்படியே அறைக்குள் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலையும் சாத்தி, கதவுக்கு அடியில் துவாய் வேறு செருகி வைத்திருக்கிறார்கள். புகையே இல்லை, வாசனை இல்லை, தணல் மட்டும் அழகாகச் சிவந்து இருக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் அடையாளம், அதைக் குளிர் என்றும் களைப்பு என்றும் நினைத்துப் படுத்துவிடுவார்கள். நாலு பேரையும் இழுத்து வெளியே உட்கார வைத்து, ஒருவன் வாந்தி எடுக்க, த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்தார்கள். இப்போது இரவு எட்டு மணிக்கு அடுப்பை நானே தூக்கி வந்து என் குசினிக்குள் பூட்டுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். கதவுக்கு மேலே அடைக்க முடியாத மாதிரி இரண்டு காற்றுத் துளையும் வைத்திருக்கிறேன்.

---

நான் ஹட்டன் பக்கம். எங்களுக்கு லயத்துக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு கொட்டில் இருக்கிறது, நல்ல இடம், கீழே நீர்த்தேக்கம் தெரியும், சிவனொளிபாத மலை யாத்திரை சீசனில் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே வரை ஆள் வரத்து. ஆனால் காணி உறுதி, அதாவது பத்திரம், எங்கள் பெயரில் இல்லை. அரசாங்கக் காணி, கம்பனிக்குக் குத்தகை. உறுதி இல்லாமல் வங்கி முகம் கொடுத்துப் பேசாது, கட்டிய பிறகு உடைக்கச் சொன்னால் வாயும் திறக்க முடியாது. 22 பேர்ச்சஸ் உறுதியோடு இருக்கிறவர்கள் கானைப் பற்றிக் கவலைப்படலாம், எங்களுக்கு அதற்கு முந்தியே கதை முடிந்துவிடுகிறது. சரி, ஒன்று கேட்கிறேன். அது மாட்டுப்பட்டியாக இருந்தது என்று வருகிறவர்களிடம் சொல்வீர்களா?

---

உறுதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் அதை எழுதாமல் விட்டது என் பிழைதான். பிரதேச சபை அனுமதிக்கும் சுற்றுலா அதிகார சபைப் பதிவுக்கும் போனபோது எங்களிடம் காகிதம் இருந்தது, அதனால் அது ஒரு தடையாகவே என் மனதில் பதியவில்லை.

மாட்டுப்பட்டி என்று சொல்லக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. அம்மா எல்லோரிடமும் சொல்லிவிடுவார், எந்த மூலையில் எந்த மாடு நின்றது என்பது உட்பட. போன மாசி மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார், பிறந்தது இந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில், சின்ன வயதிலேயே கடை வேலைக்குப் போனவர். அம்மா மாட்டுக் கதையைத் தொடங்கியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகக் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து நடந்தார், அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை, பிறகு குறுக்காலே. "எங்க லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டும்மா. ஏழு பேரு. இங்க மாட்டுக்கே பதினெட்டுக்குப் பதினொன்னு குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். மகளும் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன். கணக்கப்பிள்ளை பொஞ்சாதியாக இருந்த அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே எழும்பி, கோதுமை ரொட்டி தட்டி, கட்டச் சம்பல் இடித்து, ரயிலுக்கு என்று வாழையிலையில் கட்டி அவர் கையில் கொடுத்தார்.