வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்கு ஃபைபர் போஸ்ட்: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உப்புவெளியில் சிகிச்சை நிலையம் நடத்தும் பல் வைத்தியர் எழுதுவது:

வேர்ச் சிகிச்சை முடிந்த பல்லுக்குள் வைக்கப்படும் ஃபைபர் போஸ்ட் எனும் மெல்லிய இழைத் தண்டு அந்தப் பல்லுக்குப் பலம் கொடுக்கிறது என்ற எண்ணத்துடனேயே பெரும்பாலானோர் என்னிடம் வருகிறார்கள். நிலாவெளியிலிருந்து வந்த இளம் ஆசிரியை ஒருவரும், "இதை வைத்தால் பல் முந்தியைப் போலவே உறுதியாகிவிடும்தானே டொக்டர்?" என்று கேட்டார். மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்ததில் அவருடைய மேல் முன்பல் உடைந்து, ஈறுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான உயரம் மட்டுமே எஞ்சியிருந்தது. எக்ஸ்ரே படத்தைக் காட்டி அவருக்கு விளக்கினேன். அந்தத் தண்டு வேரைப் பலப்படுத்துவதில்லை; உடைந்துபோன பகுதிக்குப் பதிலாக நாம் கொம்பசிற் எனும் பல் நிற நிரப்புப் பொருளால் கட்டியெழுப்பும் உட்பகுதியைப் பிடித்து வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. பல்லைக் காப்பது, ஈறைச் சுற்றிவர எஞ்சியிருக்கும் அவருடைய சொந்தப் பல்லின் விளிம்பே. அந்த விளிம்பு ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் உயரமும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டதாக இருந்தால், மேலே போடப்படும் உறை (கிரவுண்) அதை இறுக அணைத்துக்கொள்கிறது. உலக்கையின் நுனியில் போடும் பூண் மரத்தைப் பிளக்கவிடாமல் காப்பதைப் போன்றதே இது.

ஆசிரியையிடம் அந்த விளிம்பு இருந்தது என்பதே எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. வேரின் நுனியில் நான்கு முதல் ஐந்து மில்லிமீற்றர் வரையான கட்டாபெர்ச்சாவை (வேர்ச் சிகிச்சையில் வேரை நிரப்பும் றப்பர் போன்ற பொருளை) தொடாமல் விட்டுவிட்டு, மேலேயுள்ளதை மட்டும் அகற்றித் தண்டுக்கு இடம் செய்தேன். பெரிய தண்டு வைப்பதற்காக வேரின் சுவரை மேலும் குடைவதை நான் ஒருபோதும் விரும்புவதில்லை. அங்கே இழக்கப்படும் டென்டீனை, அதாவது பல்லின் உள் கடினப் பகுதியை, எந்தப் பொருளாலும் ஈடுசெய்ய முடியாது. பிறகு வேரின் உட்கால்வாயின் சுவர்களில் பழைய சீலரும் (வேரை அடைக்கும் பசையும்) கட்டாபெர்ச்சாத் துணுக்குகளும் ஒட்டியிருக்கின்றனவா என்பதைப் பார்ப்பதற்கே நீண்ட நேரம் செலவிட்டேன். தண்டு கழன்று வருகின்ற பல சந்தர்ப்பங்களில் காரணம் தண்டில் இல்லை, சரியாகத் துப்புரவு செய்யப்படாத அந்தச் சுவரில் இருக்கிறது. உமிழ்நீர் உள்ளே வராதபடி பல்லைச் சுற்றி றப்பர் டாம் எனும் றப்பர் விரிப்பைப் போட்டே ஒட்டினேன். கால்வாயின் ஆழத்துக்கு ஒளி போதியளவு சென்றடையாது என்பதால், ஒளியாலும் இரசாயனத் தாக்கத்தாலும் இறுகும் ரெசின் சீமெந்தையே பயன்படுத்தினேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவரின் கதை வேறு. அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல்லின் சுவர்கள் மூன்று பக்கம் நன்றாக நின்றன. உறவினர் ஒருவருக்குப் போஸ்ட் வைத்ததைக் கேள்விப்பட்டுத் தமக்கும் அதையே வைக்குமாறு வற்புறுத்தினார். கடைவாய்ப்பல்லின் உள்ளறையே கொம்பசிற்றைப் பிடித்துக்கொள்ளப் போதுமாக இருக்கும்போது, வளைந்த மெல்லிய வேருக்குள் தண்டை இறக்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும் என்று கூறி மறுத்துவிட்டேன். உட்பகுதியைக் கட்டி உறை போட்டு அனுப்பினேன்.

மூதூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் எழுதுவது:

எனக்கு இரண்டு வகைத் தண்டுகளிலும் அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னர் வேறு ஊரில், என் மேல் சிறுகடைவாய்ப்பல் ஒன்றுக்கு வார்த்தெடுத்த உலோகத் தண்டு வைத்தார்கள். அது நெடுங்காலம் அசையாமல் நின்றது. ஆனால் ஒருநாள் ஈறில் சிறிய கட்டி தோன்றி, வேர் நீளவாக்கில் பிளந்திருப்பது தெரிய வந்து, பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. மறுபக்கத்துப் பல்லுக்குப் பின்னர் வைத்த ஃபைபர் தண்டும் ஒருநாள் உணவு உண்ணும்போது உறையோடு கழன்று கைக்கு வந்துவிட்டது. நான் மனமுடைந்து போனேன். ஆயினும் வைத்தியர் பார்த்துவிட்டு, வேர் முழுமையாக இருக்கிறது என்று சொல்லி, சுத்தம் செய்து புதிய தண்டை ஒட்டி, அந்த உறையையே திரும்பப் பொருத்திவிட்டார். கழன்ற உறையைத் தூக்கி எறியாமல் கொண்டுபோனது நல்லதாயிற்று. மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் கற்று, இப்போது திருகோணமலை நகரில் பணிபுரியும் வைத்தியர் எழுதுவது:

மூதூர் ஐயா விவரித்த, இரு தண்டுகளுக்கும் இடையிலான அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தெளிவானது. ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் குணகத்தைப் பார்த்தால், டென்டீனுக்கு அது ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைத் தண்டுகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 40 வரை. துருவேறா உருக்குக்கோ ஏறத்தாழ 200. விறைப்பான உலோகம் மெல்லும் விசையை வளையாமல் வேரின் ஆழத்துக்கே கொண்டு செல்கிறது. இழைத் தண்டு பல்லோடு சேர்ந்து சற்று வளைவதால், பெரும்பாலும் ஒட்டு விட்டுப்போகிறதே தவிர வேர் பிளப்பது குறைவு. 1990ஆம் ஆண்டளவில் பிரான்சில் அறிமுகமான காபன் இழைத் தண்டுகளிலும் இதே நன்மை இருந்தது. அவற்றின் கருநிறம் முன்பற்களில் வெளியே தெரிந்ததால், ஒளி ஊடுருவும் கண்ணாடி இழை அந்த இடத்தைப் பிடித்தது.

உப்புவெளி வைத்தியர் குறிப்பிட்ட துப்புரவுடன் இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். கால்வாயைக் கழுவப் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட்டு, சுவரில் ஒட்சிசனை விட்டுச்சென்று ரெசின் இறுகுவதைத் தடுக்கிறது. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோல் கலந்த சீலர்களும் ரெசின் இறுகுவதைத் தடுக்கின்றன. எனவே ஒட்டுவதற்கு முன்னர் நன்றாகக் கழுவி, காகித முனைகளால் உலர்த்துவது அவசியம். அண்மையில் குச்சவெளியிலிருந்து வந்த ஒருவருக்கு, ஒரு பக்கத்தில் விளிம்பே இல்லாத வேரில் தண்டு வைக்குமாறு கேட்கப்பட்டபோது, முதலில் ஈறைத் திருத்திப் பல்லின் விளிம்பை வெளிக்கொணர முடியுமா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அது முடியாவிட்டால் அந்த வேரை எடுத்துவிட்டு வேறு வழியைத் தேடுவதே நல்லது என்பதையும் அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.