உண்ணிக்காக மலைமுயலைச் சுட்டது சரியா?

கரிசல்காடு:
ஸ்காட்லாந்தில் மலைமுயலைச் சுட 2021 மார்ச் 1 முதல் உரிமம் வேண்டும். அதற்கு முன்னால், வேட்டைக்குத் தடையில்லாத மாதங்களில் பெரிய எஸ்டேட்காரர்கள் வண்டி வண்டியாகச் சுட்டுத் தள்ளினார்கள். கேட்டால் உண்ணி என்றார்கள். முயல் மேல் வளரும் உண்ணி ரெட் க்ரௌஸ் பறவைக்கு 'லூப்பிங் இல்' வைரஸைக் கொண்டுபோகிறதாம், குஞ்சுகள் சாகிறதாம். அந்தக் குஞ்சைக் காப்பாற்றுவது எதற்கு? ஆகஸ்ட் 12-இல் பருவம் தொடங்கியதும் அதையும் சுடத்தான். இதற்குப் பெயர் நோய்த்தடுப்பா?

பட்டிக்காவல்:
பதிலை முடிவு செய்துவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள் சார். லூப்பிங் இல் மூளையைத் தாக்கும் நோய். ஆட்டுக்கு வந்தால் தள்ளாடும், துள்ளும், விழும். ஆய்வகத்தில் க்ரௌஸுக்கு ஏற்றிப் பார்த்தபோது கிட்டத்தட்ட பத்துக்கு எட்டு செத்தன. ஆட்டுக்கு முன்பு தடுப்பூசி போட்டார்கள், உண்ணி மருந்து ஊற்றலாம், காட்டு முயலை யார் துரத்திப் பிடித்து மருந்து ஊற்றுவது? முயலுக்கு ஒன்றும் ஆகாது, அதன் ரத்தத்தில் வைரஸ் பெரிதாகப் பெருகுவதும் இல்லை. ஆனால் ஒரே முயலில் அக்கம்பக்கமாக ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற உண்ணிகளுக்குள் வைரஸ் கைமாறிவிடும், இது 1997-இலேயே தெரிந்த விஷயம். முயலைக் குறைத்த இடத்தில் உண்ணியும் குறைந்தது, க்ரௌஸில் தொற்றும் குறைந்தது என்று 2003-இல் ஆய்வே வந்திருக்கிறது. இதை எல்லாம் விட்டுவிட்டுப் பணக்காரன், துப்பாக்கி என்று பேசினால் எப்படி?

செங்காந்தள்:
அந்த 2003 ஆய்வு நடந்த இடத்தில் சிவப்பு மான் இருந்ததா என்று பார்த்தீர்களா? ஏறக்குறைய இல்லை, ஆடுகளுக்கும் மருந்து போட்டிருந்தார்கள். அங்கே உண்ணிக்கு மிச்சமிருந்த பெரிய விருந்து முயல்தான், அதை எடுத்தால் உண்ணி குறையத்தானே செய்யும். ஆனால் ஸ்காட்லாந்து மலைகளில் பல இடங்களில் மான் மேய்கிறதே! மான் வைரஸைக் கடத்துவதில் பெரிய ஆள் இல்லை, உண்ணிக்குச் சோறு போடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. முயலை ஒழித்தாலும் உண்ணி மான் மேல் ஏறி ரத்தம் குடித்துப் பெருகிக்கொண்டுதான் இருக்கும். 2010-இல் எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், முயலைச் சுட்டால் க்ரௌஸ் பெருகும் என்பதற்கு அழுத்தமான ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள்.

பட்டிக்காவல்:
மானையும்தான் குறைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் குறைக்கலாமே.

வயல்நண்டு:
எல்லாரும் முயலின் தோல் மேலேயே நிற்கிறீர்கள், குடலுக்குள் யாரும் போகவில்லை. ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ் என்று ஒரு நூல் மாதிரி புழு. புழுக்கையோடு முட்டை வெளியே வரும், பொரிந்த இளம்புழு புல்லில் ஏறி உட்காரும், அடுத்த முயல் மேயும்போது உள்ளே போய்விடும். பெண் முயல்களுக்குப் புழுமருந்து கொடுத்துப் பார்த்த சோதனை 2004-இல் வெளியானது, மருந்து கொடுத்தவை கூடுதலாகக் குட்டி ஈனும் நிலையில் இருந்தன. அதாவது புழு ஆளைக் கொல்லாமலே பிறப்பைக் குறைக்கிறது. ஸ்காட்லாந்து முயல் கூட்டம் சில ஆண்டுகள் பெருகி, சில ஆண்டுகள் சரிகிறதே, அதில் இதற்கும் பங்கு இருக்கலாம். சரியும் நேரத்தில் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும்? (க்ரௌஸுக்கும் குடல்புழு உண்டு. அதற்கு மட்டும், அது கொத்தித் தின்னும் குறுமணலில் மருந்து பூசி மலையெங்கும் பெட்டி பெட்டியாக வைக்கிறார்கள்!)

பட்டிக்காவல்:
நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். நெருக்கம் கூடினால் புழு கூடும், அப்படியானால் கொஞ்சம் களைந்துவிட்டால் மிச்சம் உள்ளவை தெம்பாக இருக்கும். வேட்டைக்காவலர்கள் காலங்காலமாக இதைத்தானே சொல்கிறார்கள்.

செங்காந்தள்:
கொஞ்சமாகவா களைந்தார்கள்? ஸ்காட்லாந்தின் கிழக்கு ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதி பற்றி ஆய்வாளர்கள் ஆடம் வாட்சனும் ஜெரெமி வில்சனும் 2018-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். க்ரௌஸ் வேட்டை நடக்கும் மேட்டுநிலத்தில் 1954-இல் இருந்ததில் ஒரு சதவீதம்கூட 2017-இல் மிஞ்சவில்லை. 1999-க்குப் பிறகு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் சரிவு. தெம்பாக மிஞ்சியவை எங்கே?

பட்டிக்காவல்:
அந்த எண்ணிக்கையை வேட்டைத் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
சுட்டவர்களே ஒப்புக்கொள்ள வேண்டுமா, நல்ல கதை. நம் பக்கத்தில் 1957-இல் ஷிமோகாவில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வந்ததே, அதுவும் இதே வைரஸ் குடும்பம்தான், அதையும் உண்ணிதான் பரப்புகிறது. குரங்குக்கும் வருகிறது, மனிதனே சாகிறான். குரங்கை எல்லாம் சுட்டுவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டார்களா? தடுப்பூசி, உடம்பில் தடவ எண்ணெய் என்றுதானே போனார்கள்.

பட்டிக்காவல்:
அங்கே குரங்கே நோயில் சாகிறது, குரங்குச் சாவுதான் முதல் எச்சரிக்கை. முயல் அப்படி இல்லை, எந்த அறிகுறியும் காட்டாமல் உண்ணி வளர்க்கும். இரண்டும் ஒன்றில்லை. சரி, முயலைத் தொடாதே என்கிறீர்கள், வேறு வழி என்ன?

செங்காந்தள்:
மருந்து போட்ட ஆடுகளை மலையில் விட்டு உண்ணியை அவற்றின் மேல் ஏறிச் சாகவிடும் முறை இருக்கிறது. மான் அதிகமான இடத்தில் அதுவும் பெரிதாக எடுபடாது, அங்கே முதலில் மானைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் செய்தும் முயல்தான் காரணம் என்று காட்ட முடிந்தால் ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட்டிடம் உரிமம் கேட்கட்டும், சட்டம் அந்தக் கதவை மூடவில்லையே.

பட்டிக்காவல்:
விண்ணப்பம் போட்டு, ஆள் வந்து பார்த்து, கையெழுத்தாகி வருவதற்குள் குஞ்சுப் பருவம் முடிந்துவிடும்.

வயல்நண்டு:
அப்படியானால் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் போடட்டும். உண்ணி என்ன, சொல்லாமல் கொள்ளாமலா வருகிறது?