காப்பிப் பழத்தில் நல்ல பாக்டீரியா தெளிக்கலாமா?

பெரும்பாறைத் தோட்டக்காரர்:
நம் பழனி மலையில் பழம் பறிக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. தார்ப்பாயால் மூடினால் பழம் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பூக்கிறது. அது விடும் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருந்த வரம்பு, வறுத்த காப்பியில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 2023 முதல் 3 ஆகிவிட்டது. தயிரில் உள்ளதைப் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியா நஞ்சை நீக்கும் என்கிறார்கள். பழத்தில் தெளிக்கப் போகிறேன்.

பண்ணைக்காடு மிளகுக்கொடி:
வேண்டாம் அண்ணா. களத்தைச் சரிசெய்யாமல் மருந்து தேடுவது வீண் செலவு. மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளுக்குப் பலமுறை கிளறி, ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சைக்கு வேலையே இல்லை. கைப்பிடியில் எடுத்துக் குலுக்கினால் கொட்டை கலகலக்க வேண்டும்.

பெரும்பாறைத் தோட்டக்காரர்:
வெயிலே இல்லாத வாரத்தில் எதைக் கிளறுவது, தம்பி? சிறு தோட்டக்காரனிடம் உலர்த்தும் இயந்திரமா இருக்கிறது?

நுண்ணுயிரியல் மாணவி:
நஞ்சை நீக்குவது, பூஞ்சையைத் தடுப்பது என்ற இரண்டு வேலைகளைக் குழப்புகிறீர்கள், ஐயா. லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவில் சில வகைகள், அஃப்லாடாக்சின் என்ற வேறொரு பூஞ்சை நஞ்சைத் தம் செல்சுவரில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. நஞ்சைத் தின்பதில்லை, சூட்டில் செத்த பாக்டீரியாவும் பிடிக்கிறது. கழுவினால் பிடித்ததில் ஒரு பங்கு திரும்பக் கழன்றுவிடும். பால், பழச்சாறு என்றால் பிறகு வடிகட்டிப் பாக்டீரியாவோடு நஞ்சையும் வெளியேற்ற வழியுண்டு. கொட்டைக்குள் இறங்கிய நஞ்சை வெளியே தெளித்தது எப்படி எட்டும்?

பண்ணைக்காடு மிளகுக்கொடி:
இதைத்தான் நானும் சொல்கிறேன்.

நுண்ணுயிரியல் மாணவி:
முழுவதும் இல்லை, அண்ணா. பூஞ்சை பிடிக்கும் முன்பே பாக்டீரியா குடியேறினால், அது சுரக்கும் அமிலம் பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கும். அந்த வழியை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் எல்லா வகையும் இதைச் செய்யாது. வீட்டுத் தயிரைக் கரைத்து ஊற்றினால் போதும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

பண்ணைக்காடு மிளகுக்கொடி:
தெளிப்பதும் தண்ணீர்தானே? ஈரமான பழத்துக்கு மேலும் ஈரம்! எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெரும்பாறைத் தோட்டக்காரர்:
அப்படியானால் ஒரே நாளில் பறித்ததைப் பிரித்து, பாதிக்கு மட்டும் தெளித்துக் காயவைக்கிறேன். இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். வறுத்தால் எல்லாம் போய்விடும் என்று வியாபாரிகள் சொல்வதை நம்பி இருக்க முடியாது.

நுண்ணுயிரியல் மாணவி:
ஆமாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. அனுப்பும்போது தோலையும் கொட்டையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள், ஐயா. உலர்ந்த தோலில்தான் ஓக்ராடாக்சின் அதிகம் தங்கும். கலந்து அனுப்பினால் கொட்டையின் உண்மையான அளவு தெரியாது.